நல்ல வேளை, இடது கை

கண் விழித்தபோது என் வயிற்றின் மேல் யாரோ கை போட்டிருந்தார்கள். நல்ல கனமான கை. சேவியர் தூக்கத்தில் அப்படிக் கை போடுகிறவர் இல்லை. கல்யாணமான புதிதிலேயே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்த மனிதர். எனக்கு எரிச்சல்தான் வந்தது. விடிந்துவிட்டது, பால் பாக்கெட் எடுக்கவேண்டும், காலைப் பூசைக்குப் போகலாமா வேண்டாமா என்று பாதி யோசனை. "கையை எடுங்க" என்றேன். எடுக்கவில்லை. வலது கையால் அதைப் பிடித்துத் தள்ளினேன். பொத்தென்று மெத்தையில் விழுந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தால், சேவியர் வாயில் பிரஷ்ஷோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார்.

"இது யாரு கைங்க?" என்று கேட்டேன். எனக்குத் தெளிவாகத்தான் கேட்டது. அவருக்குக் குழறலாகக் கேட்டதாம். தூக்கக் கலக்கம் என்று நினைத்துச் சிரித்தார்.

"இன்னா ஸ்டெல்லா, உன் கைதான். வேற யார் கை வரும்?"

அந்தக் கை விரலில் என் கல்யாண மோதிரம் இருந்தது. அதைப் பார்த்தும் நான் நம்பவில்லை. இவர் எதற்காகக் காலங்காத்தாலே பொய் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

இதை எழுதச் சொன்னது பிசியோதெரபி ஹாலில் என் பக்கத்து நாற்காலிக்கு வரும் ஓர் அம்மா. அவர் கணவருக்கு மூளையில் வந்த அடைப்பு, பேச்சை எடுத்துக்கொண்டு போய்விட்டது. "உள்ளே எப்படி இருக்குன்னு அவரால சொல்ல முடியல. நீங்களாவது சொல்லுங்களேன்" என்றார். வாயால் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு அழுகை வருகிறது. அதனால் எழுதுகிறேன். எழுதுவது வலது கையால். வலது கை நன்றாக இருக்கிறது. வம்பே அதுதான்.

எங்கள் வீடு சாந்தோமில், கடற்கரைக்கு இறங்கும் சந்தில், முதல் மாடி. சேவியர் மந்தைவெளியில் ஒரு ஹார்டுவேர் கடையில் வேலை செய்கிறார். அன்றைக்கு அவர் முதலில் செய்தது தன் தங்கை அமலாவுக்குப் போன் போட்டது. அமலா கொட்டிவாக்கத்தில் இருக்கிறாள். எங்கள் குடும்பத்தில் யாருக்குத் தும்மல் வந்தாலும் அவளைக் கேட்டுத்தான் கைக்குட்டை எடுப்பார்கள். இடது பக்கம் என்றதும் அவள் வாயுப்பிடிப்பு என்று சொல்லிவிட்டாள். தைலம் தேய்த்து, சூடாகக் காப்பி கொடுக்கச் சொன்னாள். சேவியர் தேய்த்தார், பாவம், தோளிலிருந்து விரல் நுனி வரைக்கும். வாசனை எனக்கு வந்தது. தேய்ப்பது தெரியவில்லை. காப்பியை வாயில் வைத்தபோது அது இடது கடைவாய் வழியாக நைட்டியில் வழிந்தது. நான் குடித்துக்கொண்டிருக்கிறேன் என்றே நினைத்திருந்தேன். அப்போதுதான் அவர் முகம் மாறியது.

கீழ்வீட்டுக்காரர்கள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் என்னை உட்கார வைத்து மாடிப்படி இறக்கினார்கள். இடது பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து விழுந்தேன். நேராக உட்காரும்மா, நேராக உட்காரும்மா என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நேராக உட்கார்ந்திருக்கிறவளை ஏன் எல்லாரும் கத்துகிறார்கள் என்று எனக்குக் கோபம்.

ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் சின்னப் பெண்ணாக ஒரு டாக்டர். சிரிக்கச் சொன்னாள். சிரித்தேன். இரண்டு கையையும் தூக்கச் சொன்னாள். தூக்கினேன். சத்தியமாக இரண்டையும் தூக்கினேன். ஒன்றுதான் மேலே வந்தது என்று பிறகு சொன்னார்கள். அடுத்து சேவியரிடம் திரும்பி, "இவங்க கடைசியா நல்லா இருந்ததை நீங்க எப்ப பார்த்தீங்க?" என்று கேட்டாள். முந்தின ராத்திரி படுக்கப்போகும்போது என்றார். அவள் தலையை ஆட்டினாள்.

அந்தத் தலையாட்டலின் அர்த்தம் இது: மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் ஒரு ரத்தக்கட்டி அடைத்துக்கொள்கிறது. அந்தப் பக்கத்து மூளை ரத்தமில்லாமல் வாடுகிறது. இதைத்தான் பக்கவாதம் என்கிறோம். கட்டியைக் கரைக்க ஓர் ஊசி இருக்கிறது. ஆனால் அடைத்த சில மணி நேரத்துக்குள் போடவேண்டும். தாமதித்துப் போட்டால் மூளைக்குள் ரத்தம் கசிந்து ஆளையே கொண்டுபோகலாம். தூங்கும்போது வந்ததற்கு நேரம் யாருக்குத் தெரியும்? முதலில் சி.டி. ஸ்கேன், ரத்தக்கசிவு இல்லை என்று பார்ப்பதற்கு. பிறகு எம்.ஆர்.ஐ., எவ்வளவு தூரம் வாடிப்போயிருக்கிறது என்று பார்ப்பதற்கு. எந்திரத்தின் குழாய்க்குள் என்னைத் தள்ளியதும், யாரோ தகரக் கூரையைச் சம்மட்டியால் அடிப்பதுபோல் ஒரு சத்தம். முடித்து வெளியே வந்தபோது, ஊசி போட நேரம் கடந்துவிட்டது என்றார்கள். சேவியர் அந்தப் பெண்ணிடம் "காப்பி கொடுத்தது தப்பா டாக்டர்?" என்று கேட்டார். அதற்கப்புறம் நர்ஸைக் கேட்டார். வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போன ஆளைக்கூடக் கேட்டார்.

மூளை நரம்பு டாக்டர் வந்தது பிற்பகலில். வயதானவர், நிதானமான ஆள். என்னைத் தட்டிப் பார்த்து, ஊசியால் குத்திப் பார்த்து, கடைசியில் ஒரு கேள்வி கேட்டார். "இவங்க வலது கைப் பழக்கமா, இடது கைப் பழக்கமா?"

சேவியர் யோசிக்கவே இல்லை. "ரைட் ஹேண்டுதான் சார்."

நான் "இல்ல" என்றேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு ஏதோ ஒரு சத்தம் வந்தது. டாக்டர் என் தோளைத் தட்டினார். "பேச சிரமப்படாதீங்கம்மா." பிறகு சேவியரிடம் விளக்கினார். அடைப்பு மூளையின் வலது பாதியில். வலது பாதிதான் உடம்பின் இடது பக்கத்தை நடத்துகிறது. பேச்சு அநேகமாக எல்லாருக்கும் இடது பாதியில். அதனால் சொற்கள் பத்திரமாக இருக்கின்றன, குழறுவது வாய்த்தசை தளர்ந்ததால், அது சரியாகிவிடும். "ஒரு விதத்துல நல்ல வேளைதான். இடது கைதான் போயிருக்கு" என்றார். சேவியர் கையெடுத்துக் கும்பிட்டார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி என் கையைப் பற்றிச் சொல்லவேண்டும்.

நான் பிறவியிலேயே இடது கைக்காரி. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பீச்சாங்கை. பீச்சாங்கையால் சாப்பிட்டால் அடி. எழுதினால் கான்வென்ட்டில் சிஸ்டர் ஸ்கேலால் விரல் முட்டியில் போடுவார். சிலுவை போடுவது, காசு கொடுப்பது, தாம்பூலம் வாங்குவது எல்லாவற்றையும் வலது கைக்கு மாற்றிவிட்டார்கள். மாற்ற முடியாமல் போனது ஒன்றே ஒன்று, குரோஷா. தையல் வகுப்பில் கொக்கி ஊசியையும் நூலையும் கொடுத்தபோது, வலது கையில் பிடித்தால் எனக்கு ஒரு லூப்கூட வரவில்லை. என் சிநேகிதி மேரி எனக்கு எதிரே உட்கார்ந்து பின்னினாள். அவள் வலது, எனக்கு நேரே என் இடது. கண்ணாடியைப் பார்த்துத் தலை வாருவதுபோல் அவளைப் பார்த்துப் பார்த்து இடது கையால் பின்னினேன். வந்துவிட்டது. அன்றிலிருந்து விடவில்லை.

டம்ளர் வைக்கிற வட்டத் துண்டு, டி.வி. மேல் விரிப்பு, வாசல் தோரணம், தண்ணீர் பாட்டில் பை, கைக்குழந்தைக்குத் தொப்பியும் ஷூவும். ஞானஸ்நானமா, பிள்ளைகளின் புது நன்மைப் பூசையா, வீடு மாறுகிறார்களா, என் கையிலிருந்து ஒன்று போய்விடும். எங்கள் சந்தில் என் விரிப்பு இல்லாத டீப்பாய் கிடையாது. ஆசைப்பட்டுத்தான் போட்டிருக்கிறார்களா என்று நான் கேட்பதில்லை. கோயிலில் பீடத்துணிக்குக் கரைகூடப் பின்னிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் பரிசாகக் கொடுக்கிறதை, அதுவும் பீடத்துக்குக் கொடுக்கிறதைப் பீச்சாங்கையால் செய்தேன் என்று யார் சொல்லிக்கொள்வார்கள்? கல்யாணமாகி வந்த புதிதில், சேவியருடைய அம்மா இருந்தவரை, அறையில்தான் பின்னுவேன். அப்புறம் பழக்கமாகிவிட்டது. ஹாலில் மூலை நாற்காலி, இடது பக்கம் சுவர். ஆள் வந்தால் மடியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். சேவியர் எனக்கு முதுகு காட்டி டி.வி. பார்ப்பார். மகள் நான்சி போனைப் பார்ப்பாள். கையிலிருந்து வந்து விழுவதை எல்லாரும் பார்த்தார்கள். கையை ஒருத்தரும் பார்க்கவில்லை.

வார்டுக்கு வருகிறேன்.

முதல் சில நாட்கள் எனக்குக் கவலையே இல்லை. பயங்கரம் அதுதான். இடது பக்கம் என்று ஒன்று உலகத்திலேயே இல்லை. இட்லித் தட்டில் வலது பக்கத்து இட்லியைச் சாப்பிட்டுவிட்டு, ஒரே ஓர் இட்லி கொடுத்தீர்களே என்று கோபப்பட்டேன். கண்ணில் கோளாறு இல்லை, மூளை அந்தப் பக்கத்தைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுகிறது, கையைக்கூடத் தன்னுடையது இல்லை என்று சொல்வார்கள், பயப்படாதீர்கள் என்று டாக்டர் என் வீட்டாரிடம் சொல்லி வைத்தார். நான்சி வேளச்சேரியில் ஆபீஸுக்குப் பக்கத்திலேயே தங்கி வேலை பார்க்கிறவள். லீவு போட்டுவிட்டு வந்து என் பக்கத்திலேயே இருந்தாள். பாதி சாப்பிட்டதும் ஒரு வார்த்தை பேசாமல் தட்டைத் திருப்பி வைப்பாள். புதிதாக ஓர் இட்லி வந்து உட்கார்ந்திருக்கும். அந்தப் பிள்ளை அத்தனை பொறுமைசாலி என்று எனக்கு அதுவரை தெரியாது.

எனக்கு யாரும் எதுவும் செய்து பழக்கமில்லை. காய்ச்சல் வந்தாலும் எழுந்து என் கஞ்சியை நானே வைத்துக்கொள்கிறவள். இப்போது தலை வாரிவிட ஒருத்தி, வாய் துடைக்க ஒருத்தி, பெட்பேன் வைக்க ஒருத்தி. சேவியர் ஒருநாள் எனக்கு நகம் வெட்டிவிட்டார். கடையில் ஆணி எடை போடுகிற மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு அழுதேன். வலிக்கிறதா என்று கேட்டார். வலித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். அந்தக் கையில் குத்தினாலும் தெரியவில்லை, கிள்ளினாலும் தெரியவில்லை.

பில்லைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. சேவியர் அதைக் கதவுக்கு வெளியே போய்த்தான் பேசினார். உள்ளே வரும்போது முகம் கழுவிவிட்டு வருவார்.

கொஞ்சம் கொஞ்சமாக இடது பக்கம் உலகத்துக்குத் திரும்பி வந்தது. ஜன்னல் இருக்கிறது என்று கண்டுபிடித்தேன். பக்கத்துக் கட்டில் அம்மாவைக் கண்டுபிடித்தேன். கடைசியில் போர்வை மேல் கிடக்கும் கையை, அது என்னுடையது என்று கண்டுபிடித்தேன். அதற்குப் பதில் கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம். அது என் கை. என் விரல்கள். நான் சொல்லச் சொல்ல அசையவில்லை.

பார்வையாளர் நேரம் வந்துவிட்டால் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் நல்ல வேளையும் வரும். அமலா வந்தாள். "நல்ல வேளை அண்ணி, பீச்சாங்கையோட போச்சு. மாதா காப்பாத்திட்டா" என்று என் நெற்றியில் சிலுவை போட்டாள். கீழ்வீட்டுக்காரர் வந்தார், நல்ல வேளை. பங்குக் கோயிலிலிருந்து ஃபாதர் வந்தார், அவரும் அதையே மரியாதையாகச் சொன்னார். ஒவ்வொருத்தர் சொல்லும்போதும் திட்டவேண்டும்போல் இருக்கும். எனக்கு நல்ல வாய் உண்டு, கேட்டவர்களுக்குத் தெரியும். அந்த வாய் அப்போது எச்சிலை அடக்கவே திணறிக்கொண்டிருந்தது.

நான்சி ஒரு நாள் காலையில் சிரித்த முகத்தோடு வந்தாள். பையிலிருந்து என் கொக்கி ஊசியையும் ஒரு மஞ்சள் உல்லன் உருண்டையையும் எடுத்தாள். வலது கையை அசைத்துக்கொண்டிருந்தால் மூளைக்கு நல்லது என்று எங்கேயோ படித்திருக்கிறாள். ஊசியை என் வலது கையில் வைத்து விரல்களை மடக்கினாள். உல்லனின் நுனியை என் இடது கை விரலில் சுற்றிவிட்டாள்.

"வலது கை நல்லாத்தானேம்மா இருக்கு. சும்மா ஒரு செயின் பின்னல் போடு. நான் பிடிச்சுக்கிறேன்."

பிள்ளை ஆசையோடு பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்த ஊசி என் வலது கையில், யாரோ விட்டுப்போன பேனாவைப்போல் அந்நியமாக இருந்தது. நான் இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி, ஒவ்வொரு எழுத்தாக, "இது என் கை இல்ல" என்றேன்.

அதுவரை பேசியதிலேயே தெளிவாகப் பேசிய வாக்கியம் அதுதான். நான்சியின் முகம் வாடிவிட்டது. அவள் கோபப்படவில்லை. என் தலையைத் தடவினாள். "சரிம்மா, சரி. டாக்டர் சொன்னாரு, அப்படித்தான் தோணுமாம். இதுவும் உன் கைதாம்மா, அதுவும் உன் கைதான்."

இல்லை, இது இல்லை, இது இல்லை என்று வலது கையை ஆட்டினேன். ஊசியைத் தூக்கி எறிந்தேன். அது கட்டிலுக்கு அடியில் எங்கேயோ ஓடிப்போனது. நர்ஸ் வந்தாள். குழப்பம் ஜாஸ்தியாகியிருக்கிறது, புதிதாக ஏதாவது அடைப்பா என்று பார்த்துவிடலாம் என்றாள். என்னை மறுபடியும் ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். உண்மையைச் சொன்னதற்கு அந்தத் தகரக்கூரைச் சத்தத்துக்குள் இன்னொரு தரம் படுத்துக் கிடந்தேன். புதிதாக ஒன்றும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. எல்லாரும் நிம்மதியானார்கள். நான் பேசுவதை நிறுத்திவிட்டேன். கேட்டால் தலையாட்டுவது, அவ்வளவுதான். இனிமேல் எப்படிச் சொல்வேன், யாரிடம் சொல்வேன்? என் உடம்புக்குள் என்னைப் போட்டுப் பூட்டி, சாவியை வெளியே கொண்டுபோய்விட்டார்கள் என்று இருந்தது.

அன்று மாலை சேவியர் நைட்டி எடுத்துவர வீட்டுக்குப் போனார். நடந்ததை அவரே பிறகு சொன்னார். அலமாரியைத் திறந்தவருக்கு எது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. அலுத்துப்போய் ஹாலுக்கு வந்து என் மூலை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். இத்தனை வருஷத்தில் அதில் அவர் உட்கார்ந்ததே இல்லை. உல்லன் வைக்கும் பிஸ்கட் டப்பா நாற்காலிக்கு வலது பக்கம் ஸ்டூலில் இருந்தது. பாதி பின்னிய விரிப்பு, வேறு ஊசியோடு, அதன் மேல். நான் எப்படித்தான் இதைச் செய்கிறேன் என்று பார்க்க ஊசியை வலது கையில் எடுத்திருக்கிறார். நூல் டப்பாவிலிருந்து மடியைக் குறுக்கே தாண்டி, அவர் கையிலேயே மாட்டிச் சிக்கியது. டப்பாவை இடது பக்கம் வைக்கலாம் என்றால் அங்கே சுவர். கடையில் வருகிறவன் எந்தக் கையை நீட்டுகிறான் என்று பார்த்து, அந்தக் கைக்கு ஏற்ற கத்தரியை எடுத்துக் கொடுக்கிற மனிதர். அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். 

மறுநாள் காலை வந்தவர் என் வலது பக்கம் போடும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இடது பக்கம் வந்தார். போர்வை மேல் கிடந்த கையைத் தொட்டார்.

"ஸ்டெல்லா, நீ பின்றது இந்தக் கையிலதானே?"

தலையாட்டினேன். அவரும் தலையாட்டினார்.

"எனக்குத் தெரியலம்மா" என்றார். "கூடவே இருந்துக்கினு, எனக்குத் தெரியல." அந்த மனிதர் அழுது நான் பார்த்தது அவர் அம்மா செத்த அன்று. இரண்டாவது தடவை அன்றைக்குத்தான். நானும் அழுதேன். நான்சி வந்து, ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து நர்ஸைக் கூப்பிட ஓடினாள்.

தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன ஆயிற்று என்று கேட்டால், ஒன்றும் ஆகவில்லை. மூளை நரம்பு டாக்டரிடம் சேவியர் சொன்னார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னைப் பார்த்து நேரடியாக, "மன்னிச்சுக்குங்கம்மா. நீங்க சொன்னதை நாங்க குழப்பம்னு நினைச்சுட்டோம்" என்றார். அந்த மரியாதைக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். பயிற்சியில் நடைக்குக் கொடுக்கிற கவனத்தைக் கைக்கும் கொடுக்கச் சொல்கிறேன் என்றார். விரல்கள் திரும்பி வருமா என்று சேவியர் கேட்டார். கால் சீக்கிரம் வரும், தோள் வரும், விரல் நுணுக்கம்தான் கடைசியில் வருவது, சிலருக்கு வராமலே போவதும் உண்டு என்றார். எந்தக் கை என்று தெரிந்ததால் வாடின மூளை துளிர்க்கப் போவதில்லை. அதை அவர் சொல்லவில்லை, நானே புரிந்துகொண்டேன். அன்றிலிருந்து சேவியர் வார்டு வாசலிலேயே நின்றார். பார்க்க வருகிறவர்களைத் தடுத்து, உள்ளே போய் நல்ல வேளை என்று சொல்லக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். அமலாவுக்கு வருத்தம். ஆசையாகச் சொல்வதைக்கூடச் சொல்லவிட மாட்டேன் என்கிறாரே அண்ணன் என்று.

வீட்டுக்கு வந்தபின் அடையாற்றில் ஒரு பிசியோதெரபி மையத்துக்குப் போக ஆரம்பித்தோம். நடை வந்துவிட்டது. கொஞ்சம் இழுத்து இழுத்துத்தான். ஆனால் பாத்ரூமுக்கு நானே போகிறேன் என்பது எவ்வளவு பெரிய சுதந்திரம் என்று போகிறவர்களுக்குத் தெரியாது. பேச்சும் வந்துவிட்டது. வந்ததும் அமலாவுக்குப் போன் போட்டு நன்றாகக் கொடுத்தேன். "அப்பாடா, அண்ணிக்கு ஒடம்பு தேறிடுச்சு" என்று அவள் சந்தோஷப்பட்டாள். கை மட்டும் வரவில்லை.

அங்கே கார்த்திகா என்று ஒரு பெண், கண்ணாடிப் பயிற்சி கொடுப்பவள். ஒரு பெட்டி, அதன் பக்கத்தில் ஒரு கண்ணாடி. இடது கையைப் பெட்டிக்குள் மறைத்துவிட வேண்டும். வலது கையைக் கண்ணாடிக்கு முன்னால் வைத்து அசைக்க வேண்டும். கண்ணாடியில் தெரிகிற பிம்பம் அச்சு அசல் இடது கை அசைவதுபோல் இருக்கும். பார்த்துக்கொண்டே இருந்தால், கை அசைகிறது என்று மூளை ஏமாந்து, பழைய வழியைத் தேடும் என்பது அவர்கள் நம்பிக்கை. சிலருக்கு ஓரளவு பலன் கிடைக்கிறதாம். விரல் மடக்குவது, டேபிளைத் தட்டுவது எல்லாம் ஆனபின், பிடித்த வேலை எதையாவது செய்யச் சொன்னாள். நான்சி பையிலிருந்து கொக்கி ஊசியை எடுத்தாள், பயந்துகொண்டே. எறிவேன் என்று நினைத்தாள். நான் வலது கையில் வாங்கிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தேன்.

என் இடது கை ஊசி பிடித்திருந்தது. கட்டைவிரல் அது உட்காரவேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தது. மணிக்கட்டைத் திருப்பினேன், திரும்பியது. என் வாழ்க்கையில் அவ்வளவு அழகாக எதையும் பார்த்ததில்லை. நான் ஏமாறத் தயாராக இருந்தேன். மனசார ஏமாறத் தயாராக இருந்தேன். பெட்டிக்குள் கிடந்த கை ஏமாறவில்லை. ஹாலில் இருந்த எல்லாரும் பார்க்க, ஓவென்று அழுதேன். பக்கத்து நாற்காலி அம்மா தன் புடவைத் தலைப்பால் என் மூக்கைத் துடைத்தார். அவர் கணவர், பேச்சு போனவர், என் முழங்காலைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

மாதங்கள் போனபின் கை மாறியது. தொளதொளவென்று கிடந்தது, இறுக ஆரம்பித்தது. இது பலருக்கு வரும் கட்டம். மூளையிலிருந்து வருகிற "விடு" என்ற உத்தரவு அறுந்துபோயிருப்பதால் தசை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. விரல்கள் தாமாகவே உள்ளங்கைக்குள் மடங்கிக்கொள்ளும். ஒவ்வொன்றாகப் பிரித்து, பட்டை வைத்துக் கட்டிவைப்பார்கள். என் கைக்குப் பிடிக்கத் தெரிந்துவிட்டது. விடத்தான் தெரியவில்லை.

போன வாரம் ஒரு மத்தியானம். சேவியர் கடைக்குப் போகவில்லை. பட்டையைக் கழற்றிக் கையைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு ஏனோ கேட்கத் தோன்றியது. அந்தக் கையில் ஊசியை வையுங்கள் என்றேன். வேண்டாம் என்று சொல்லப் பார்த்தார், சொல்லவில்லை. விரல்களைக் கொஞ்சம் நெகிழ்த்தி ஊசியை நடுவில் செருகினார். விரல்கள் மடங்கி இறுக்கிக்கொண்டன. கத்தியைப் பிடிப்பதுபோல், செங்குத்தாக, அசிங்கமான பிடி. ஆனால் பிடி.

ஊசி அசையவில்லை. அசையப் போவதும் இல்லை. அதனால் நூலை அசைத்தேன். நூல் பிடிப்பது எப்போதும் என் வலது கைதானே, அதற்கு அதன் வேலை மறக்கவில்லை. முடிச்சை ஊசியில் மாட்டி, நூலை மேலே ஒரு சுற்றுச் சுற்றி, கீழே இருந்த லூப்பை நகத்தால் தூக்கி ஊசித் தலைக்கு மேலே கழற்றிவிட்டேன். ஒரு செயின். பார்க்கச் சகிக்கவில்லை. தையல் வகுப்பாக இருந்தால் சிஸ்டர் அறுத்துப் போட்டிருப்பார். இன்னொன்று போட்டேன். சேவியர் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் நான் பின்னுவதை அவர் உட்கார்ந்து பார்த்தது அதுதான் முதல் தடவை.

நாலைந்துக்கு மேல் முடியவில்லை. தோள் நடுங்க ஆரம்பித்தது. போதும், எடுத்துவிடுங்கள் என்றேன். கை விடவில்லை. விட்டுடு, விட்டுடு என்று மனசுக்குள் கெஞ்சினேன். இன்னும் இறுகியது. ஊசியின் தண்டு உள்ளங்கையில் அழுந்திக்கொண்டிருந்தது. சேவியர் தரையில் உட்கார்ந்து, சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார். மோதிர விரலுக்கு வந்தபோது நான் கையைப் பின்னால் இழுத்தேன்.

அவர் சட்டென்று நிறுத்தினார். "இன்னாச்சு?"

"வலிக்குது."

அவர் பதறிப்போய் கையை விட்டுவிட்டார். அடுத்த நொடி அவருக்கும் புரிந்துவிட்டது. என் முகத்தையே பார்த்தார்.

"எங்க?" என்றார். "எங்கம்மா வலிக்குது? காட்டு."

காட்டினேன்.